செக்கர் வீட்டுச் சுவர்

"ஏம்பா பாவாட, கதவுக்குப் பின்னால செவுரே கெடையாதுன்னு நெனச்சிட்டியா? ஒரு சாண் அப்புடியே பழசா கெடக்குது."

பெயிண்டர் பாவாடை ஏணியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "அட, ஆமாங்க சார். கண்ணுல படல."

"எப்புடிப் படும்? ஒனக்குக் கண்ணு இருக்கறதே பீடி எங்க இருக்குதுன்னு பாக்கத்தானே."

சொல்லிவிட்டுச் சக்கரபாணி நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பீங்கான் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் செக்கராக இருந்து, நாலு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றவர். கப்போ சாசரோ, விரலால் ஒரு தட்டு. சத்தம் சரியில்லை என்றால் கழிவுக் குவியலுக்குப் போய்விடும். அவர் கழித்த சாமானை அடுக்கியிருந்தால் கம்பெனிக்கு இன்னொரு சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கலாம். கம்பெனி அவருக்கு மாலை போட்டு வழியனுப்பியது. விரலை வாங்கி வைத்துக்கொள்ள மறந்துவிட்டது.

இப்போது வீட்டுக்கு டிஸ்டம்பர் அடிப்பது ஆசைக்காக அல்ல. மருமகள் பூங்கோதை கைக்குழந்தையோடு பெண்ணாடத்தில் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. சுவர் உதிர்ந்து பிள்ளை மேல் கொட்டுகிறதாம், அதனால் கோபமாம். சக்கரபாணிக்கு இதைச் சொன்னவள் அவர் மனைவி விருத்தாம்பாள். மகன் அறிவழகன் வாரத்துக்கு இரண்டு முறை பெண்ணாடம் பஸ் ஏறுவான்; மாமியார் கையால் வயிறாரச் சாப்பிடுவான்; போனபடியே தனியாகத் திரும்புவான். ஒருவழியாக இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று பூங்கோதை சொல்லியனுப்பியிருந்தாள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவாள், பிறகு கூப்பிடக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் பாவாடை சுவிட்ச் போர்டு மேலேயே ஒரு இழுப்பு இழுத்துவைத்தான். அதற்கு மறுநாள் ஜன்னல் ஓரத்தில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. சக்கரபாணி காலையில் பல் விளக்கியதும் உள்ளே நுழைவார். சுவரில் காதை வைத்துத் தட்டுவார். மூலை மூலையாகத் தேடுவார். தப்பு கிடைத்ததும் பாவாடையைக் கூப்பிட்டு நிறுத்தி, சாப்பாட்டு நேரம் வரைக்கும் பாடம் எடுப்பார். பாவாடையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வான்.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சிநாதன் இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"எங்க வூட்டுக்கும் இவன்தாங்க அடிச்சான். நாலே நாளு. ஒரு கொற சொல்ல முடியல."

"சொல்றதுக்கு ஒங்க வூட்டுல ஆளு இல்ல. அதான் முடியல" என்றார் சக்கரபாணி.

சனிக்கிழமை ஆகியும் உள் அறை முடியவில்லை. சக்கரபாணிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு மருமவ வர்றா. இவன் இன்னும் மோட்டுவளையப் பாத்துட்டு நிக்கறான். இவன அனுப்பு. நான் வேப்பூருக்குப் போயி வேற ஆள இட்டாறேன்."

விருத்தாம்பாள் கையிலிருந்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். 

"அதெல்லாம் வேணாங்க. வேற ஆளு வந்தா அவனுக்கும் மொதல்லேருந்து நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். இவனாவது சொன்னா திருத்திக்கறான்."

"எங்க திருத்தறான்? தெனம் புதுசா ஒண்ணு விடறான்."

"அதக் கண்டுபுடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே. ஒங்க கண்ணு வேற யாருக்குங்க வரும்?"

இதற்கு மேல் சக்கரபாணி வேப்பூர் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கோதை குழந்தையோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்றாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"மாமா எங்கத்த?"

"உள்ள செவுத்தத் தட்டிட்டு இருக்காரு."

சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார். "வாம்மா. நல்லாப் பாத்துக்க, எல்லாம் ஒனக்காகத்தான். இனிமே ஒரு பொட்டு உதிராது."

"சரிங்க மாமா."

அவர் மறுபடி உள்ளே போனார். "பாவாட, இது என்னா, பிரஷ்ஷு முடியையும் சேத்தே செவுத்துல ஒட்டி வச்சிருக்கிற? டிஸ்டம்பருக்கு மீசையா?" என்று ஆரம்பித்தது பாடம். பூங்கோதை கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகுதான் பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு வாரம் இருந்து பாக்குறேன் அத்த. அதுக்கப்பறம் சொல்றேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அன்று அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாவாடை தோட்டத்துப் பக்கம் குந்தி பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். விருத்தாம்பாள் டீ டம்ளரோடு வந்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தெனம் ஒரு தப்பு பத்தல பாவாட, நாளையிலேருந்து ரெண்டா விடு" என்றாள் குரலைத் தாழ்த்தி. "இன்னிக்கி நீ விட்டத பத்து மணிக்கே கண்டுபுடிச்சிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் அடுப்பாங்கரைக்கு வந்து மருமவ வச்ச கொழம்புல கொற சொல்ல ஆரம்பிச்சிட்டாரு, போன தடவ அவ பொட்டி கட்டுனதும் இப்புடித்தான்."