நூற்றுக்கு இடமில்லை

"உள்ளே போகக்கூடாது... தயவுபண்ணி உள்ளே போகக்கூடாது..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார் வைதோதாஸ். அவர் கழுத்தில் ஊர்க் கூடைப்பந்து அணியின் பச்சைத் துண்டு. எதிரே, கூடையைப் பார்த்துப் பந்தெறிய நின்றவள் அதே ஊர் அணியின் உக்னே. அவருடைய ஒரே மகள்.

பக்கத்து இருக்கைக்காரர் பூண்டு ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டு முறைத்தார். "யோவ், நீ எந்த ஊர்க்காரன்யா?"

வைதோதாஸுக்கு அது காதில் விழவில்லை. அவர் கண் ஸ்கோர் போர்டிலேயே இருந்தது. 99 – 99. ஆட்டம் முடிய எட்டு வினாடி. உக்னேவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, விழுந்தால் தலா ஒரு புள்ளி.

அந்த போர்டுக்குப் புரோகிராம் எழுதியவர் அவர்தான். போர்டுக்கு எண் தெரியாது, எழுத்துதான் தெரியும். எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரித்து, எழுத்தாக்கி, கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு பூஜ்யக் குறியையும் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு அவர் மூன்றே இடம் ஒதுக்கியிருந்தார். இலக்கத்துக்கு இரண்டு, குறிக்கு ஒன்று. இரண்டு அணிக்கும் அதே மூன்றுதான். பெண்கள் ஆட்டத்தில் நூறு புள்ளி யார் எடுக்கப்போகிறார்கள் என்ற அலட்சியம்.

இன்றைக்குப் பார்த்து ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம் கொடுத்து, அதிலும் சமனாகி, மறுபடி கூடுதல் நேரம். புள்ளி தொண்ணூறைத் தாண்டியபோதுதான் புரோகிராமின் அந்த வரி அவருக்கு நினைவுக்கு வந்தது.

நூறை எழுத நாலு இடம் வேண்டும். இடமில்லாத அந்தப் பூஜ்யக் குறி, போர்டின் நினைவகத்தில் பக்கத்து இடத்தில் போய் விழும். பக்கத்தில் இருப்பது ஆட்டக் கடிகாரம். உக்னே பந்தைப் போட்ட மறுகணமே கடிகாரம் பூஜ்யமாகி, ஆட்டம் முடிந்ததென்று சங்கு ஊதிவிடும்.

மகள் பந்து போட, அப்பா செய்த போர்டு அதோடு ஆட்டத்தை முடித்துவைத்தது என்றால்? தில்லுமுல்லு என்று லிதுவேனியா முழுக்கக் காறித் துப்பாதா?

எதிரணியான கவுனாஸ் இடைவேளை கேட்டது. வைதோதாஸ் முண்டியடித்துக்கொண்டு கீழே ஓடினார். மேசையில் போர்டை இயக்கும் தாங்குவோலே உட்கார்ந்திருந்தாள்.

"போர்டை அணைச்சிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நல்லாருக்கே! உங்க பொண்ணு ஜெயிக்கப்போற நேரத்துலயா? நடுவர் என்னைத் தூக்கி வெளிய போட்டுடுவாரு."

"இல்லம்மா, புரோகிராம்ல ஒரு தப்பு..."

"ஒரு தப்பும் இல்ல. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்கன்னு நேத்து உக்னேதானே வந்து புரோகிராமை ஏத்திட்டுப் போனா? நல்லாத்தான் ஓடுது. உங்களுக்குத்தான் படபடப்பு. போய்த் தண்ணி குடிங்க."

விசில் ஊதியது. காவலர் ஒருவர் அவரைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். அதற்குமேல் அவரால் செய்ய ஒன்றுமில்லை.

எறிவதற்கு முன் அப்பாவை ஒரு தடவை பார்ப்பது உக்னேவின் வழக்கம். இன்றும் தேடிப் பிடித்துப் பார்த்தாள், சிரித்தபடி. வைதோதாஸ் தன்னையறியாமல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

முதல் பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. அரங்கமே "ஐயோ!" என்றது. அவர் மட்டும் மூச்சு விட்டார். இரண்டாவது வளையத்தில் மோதித் தெறித்தது. கவுனாஸ் பெண் ஒருத்தி அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். யாராலும் பிடிக்க முடியவில்லை. பந்து கூடைக்குள் இறங்கியது.

தொண்ணூற்றொன்பதோடு இரண்டு. வைதோதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சங்கு ஊதவில்லை.

கண்ணைத் திறந்தார். 99 – 101. எழுத்துகள் பளிச்சென்று நின்றன. கடிகாரத்தில் மிச்சமிருந்த ஒரு வினாடி ஒழுங்காக ஓடி முடிந்தது. அதற்குப் பிறகுதான் சங்கு ஊதியது.

கூட்டம் கலைந்தது. பெஞ்சின் மூலையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உக்னே குனிந்திருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா அப்படித் தலையை ஆட்டின? எனக்குக் கையே வரல."

"பயந்துட்டேன்டா கண்ணு. எண்ணை எழுத்தாக்குற எடத்துல மூணே இடம்தான் விட்டிருந்தேன். நூறு வந்தா கடிகாரம் கெட்டு, உன் பேரும் சேந்து கெட்டுடும்னு..."

உக்னே துண்டை விலக்கி நிமிர்ந்தாள்.

"ஏத்தறப்பவே அந்த மூணை நாலாக்கிட்டேனேப்பா!"