கடைசி உண்ணி

ஒரு மணி நேரம் பிகு பண்ணிய காட்டு ஆமை இப்போதுதான் கழுத்தை நீட்டுகிறது. தோல் மடிப்பில் மிளகுபோல் புடைத்த கடைசி உண்ணியை நோக்கி மருத்துவரின் இடுக்கி இறங்குகிறது. மேசைவிளக்கின் சூட்டில் ஸ்பிரிட் நெடி. அவள் முன்பே பிடுங்கிய ஐந்தும் புட்டிக்குள் மிதக்கின்றன. ஓட்டைப் பிடித்திருக்கும் அவள் கணவன் மூச்சை அடக்கி நிற்கிறான். ஆமை மிரண்டு தலையை இழுத்துக்கொண்டால் உண்ணியின் வாய் முறிந்து சதைக்குள்ளேயே தங்கிவிடும், அப்புறம் சீழ்தான். அப்போது பார்க்கிறான்: இன்னோர் உண்ணி அவள் காதுக்குப் பின்னால், மயிருக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. அவன் பிடி தளர்கிறது. இடுக்கி ஆமையின் கழுத்திலுள்ள உண்ணியின் தலையைக் கவ்வுகிறது. அவள் நிமிரவில்லை.

“ஊருது, தெரியுது,” என்கிறாள், மூச்சுக்காற்றில். “நீங்க ஓட்டை விட்றாதீங்க.”