ஒழுகாத மாஸ்க்

"என்னம்மா இது, காலுக்கா, யானைக்கா?"

பெரியவர் காலை உதறிய வேகத்தில் ஃபின் கழன்று எதிர் அலமாரியில் போய் மோதியது.

ஃபின் அக்கா குனிந்து எடுத்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை குனிந்திருக்கிறாள் என்பது அவள் இடுப்புக்குத்தான் தெரியும். கடலுக்குள் முக்குளிக்கப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை அது. காலில் மாட்டும் ஃபின் என்கிற துடுப்புகள் இருக்கும் பகுதி அவள் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். நாற்காலி உண்டு, வாடிக்கையாளருக்கு மட்டும்.

"வெறுங்கால்ல போட்டா அப்படித்தான் சார் இருக்கும். இது ரப்பர் பூட்ஸ் மேல மாட்டுறது."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

முதலிலேயே சொன்னாள். பெரியவர் காதில் வாங்கினால்தானே?

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம்தான் அவள்மேல் ஒரு புகார். வாடிக்கையாளரிடம் முகத்தைச் சுளித்தாளாம். 'இன்னொரு புகார் வந்தா குடோனுக்குப் போயிடு' என்று சொல்லிவிட்டார். அதனால் சிரித்து வைத்தாள்.

பெரியவர் ரிட்டையர் ஆனவர் என்பது நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஆபீஸில் எல்லாரையும் விரட்டியவர், இப்போது விரட்ட ஆளில்லாமல் கடை கடையாக ஏறுகிறார். இந்த ரகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கடையைத் தலைகீழாகப் புரட்டுவார்கள். அடுத்த வாரமே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வந்து நிற்பார்கள்.

"அந்தக் கறுப்பை எடு. நீளமா, விறைப்பா இருக்கு பாரு."

"அது பழகினவங்களுக்கு சார். புதுசா இறங்குறவங்களுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கும். பாதியிலயே கரைக்கு அனுப்பிடுவாங்க."

பெரியவர் முகம் மாறியது.

"அனுப்பக் கூடாது. நாளைக்கு முதல் வகுப்பு. என்ன ஆனாலும் என்னைக் கரைக்கு மட்டும் அனுப்பக் கூடாது. அதுக்குத் தோதா குடு."

"அப்ப இந்தக் குட்டை ஃபின்தான் சார்."

"பாப்பா போடுறது மாதிரி இருக்கு" என்று முனகிக்கொண்டே மாட்டினார். எழுந்து நேராக நடக்கப் பார்த்துத் தடுக்கி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அதைப் போட்டுக்கிட்டு பின்பக்கமாத்தான் சார் நடக்கணும்."

"இதையும் முதல்லயே சொல்லல."

அடுத்து, கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி மாஸ்க். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அதுதான் பொருத்தமான மாஸ்க். பெரியவருக்கு வைத்த மாஸ்க் எல்லாம் வரிசையாக மடியில் விழுந்தன.

"அத்தனையும் மட்டச் சரக்கு! மேனேஜரைக் கூப்பிடு!"

கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் எழுந்தே விட்டார்.

"சரக்குல குறை இல்ல சார்" என்றாள் மெதுவாக. "மீசை."

அது சாதாரண மீசை இல்லை. குப்புற விழுந்தால் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கவே முடியாத மீசை.

"முடி இடுக்குல காத்து போகுது சார். கடல்ல தண்ணி உள்ள வந்துடும். கண்ணு தெரியாது. மேல கூட்டிட்டு வந்துடுவாங்க."

திட்டு விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர் மீசையைத் தடவினார். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மேனேஜர் வந்தார். "விரட்டிட்டியா? நாளையிலேர்ந்து குடோன்."

அவள் சிதறிக் கிடந்த ஃபின்களை அடுக்க ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் அடுக்கி முடிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்குக் கீழே மட்டும் வெளுத்திருந்தது.

"ம், இப்ப வை."

வைத்தாள். மாஸ்க் ஒட்டி நின்றது. மேனேஜர் சத்தமில்லாமல் தன் அறைக்குத் திரும்பினார்.

"லேசாக் கத்தரிச்சிருந்தாலே போதுமே சார்!"

"கொஞ்சம் ஒழுகினா? வம்பே வேண்டாம்."

சாமான்களைப் பையில் போடும்போது அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அப்படி என்ன சார் இருக்கு கீழ? மீனை டிவியிலயே பாக்கலாமே."

"மீனை யாரு பாக்கப் போறா? சொல்லிக் குடுக்குறது என் பொண்ணு."

அவள் கை நின்றது.

"ரொம்ப வருஷமாப் பேச்சு இல்ல. நேர்ல போவேன். நல்லபடியாத்தான் ஆரம்பிப்பேன். ரெண்டாவது வார்த்தையிலயே என் நாக்கு அவளைக் கடிச்சுடும். கதவைச் சாத்திடுவா. இவ்வளவு நேரம் உன்கிட்ட ஆடுச்சே, இதே நாக்குதான். இப்ப பணம் கட்டி வகுப்புல சேந்துட்டேன். வெளிய போன்னு சொல்ல அவளுக்கு ஒரு சாக்கும் கிடைக்கக் கூடாது."

"அங்கயும் பேசித்தானே சார் ஆகணும்?"

"தண்ணிக்குள்ள வாயில அந்த மூச்சுக் குழாயைக் கவ்விக்கணும். பேசவே முடியாது. அது போதும் எனக்கு."

இத்தனை நேரம் மனசுக்குள் அவரைத் திட்டியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பெரியவர் வாசல் வரை போய்த் திரும்பினார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"ஏம்மா, உனக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் தடவை இறங்குறவன் கையை, மேல வர்ற வரைக்கும் சொல்லிக் குடுக்குறவங்க விடவே கூடாதாமே... நிஜந்தானா?"