கீதாஞ்சலி கேட்டது

மாறன் எழுந்தான். மோட்டாரைப் போட்டான். பால் பாக்கெட்டைப் பிரித்து டீ வைத்தான். பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கொட்டினான். அளவு இன்னும் பிடிபடவில்லை.

குளித்துவிட்டு வெளியே வந்து, வாசலில் இரண்டு கம்பு நட்டுக் கட்டியிருந்த பேனரைத் துடைத்தான். அதில் அவன் மனைவி கீதாஞ்சலியின் படம். கீழே, 'கடைசியாகச் சொன்னது' என்று போட்டு ஒரு வரி: 'எல்லாரும் சேந்து போய்க் கேளுங்க.'

சித்திரைப் பௌர்ணமியன்று அவள் இறந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வலிப்பு வந்து முடிந்துவிட்டது. ராத்திரியே யாராவது பிரஷர் பார்த்திருக்கலாமே என்றார் டாக்டர்.

பார்க்க வேண்டிய துணை சுகாதார நிலையம் தெருக்கோடியில்தான் இருக்கிறது. அன்று பூட்டியிருந்தது. பௌர்ணமி என்றால் ஊர் நர்ஸைக் கிரிவலப் பாதை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு அங்கே ஆள் வேண்டும்.

இன்று காந்தி ஜெயந்தி, கிராம சபை. பௌர்ணமியிலும் ஒரு நர்ஸ் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும். சுதந்திர தினக் கூட்டம் ஆள் சேராமல் கலைந்தது. அதற்குப் பிறகுதான் பேனர்.

சரோஜாவின் டீக்கடையில் இருசப்பன் உட்கார்ந்திருந்தார்.

"கூட்டத்துக்கு நான் எதுக்குப்பா? கையெழுத்து நோட்டுதான் வீட்டுக்கே வந்துருமே."

"இந்த வாட்டி வராது மாமா. ஆளு கம்மியானா கூட்டமே செல்லாதுன்னு பஞ்சாயத்து கிளார்க் சொல்லிட்டாரு."

"அது சரி, பேனர்ல போட்டுக்கிறியே, கீதாவா அப்படிச் சொல்லிச்சு? ரேஷன்ல பருப்பு கம்மியாப் போட்டாக்கூட வாயத் தொறக்காம வாங்கினு வருமே அந்தப் பொண்ணு."

மாறன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சரோஜா பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "சாவப் போறப்ப தைரியம் வரும்யா. செத்தவ கேட்டதுக்காவது எழுந்து போயேன். காலைலேந்து ஒரே டீய வெச்சினு குந்தினு கீற."

இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பள்ளிக்கூடத்தில் நாற்காலி போதவில்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஊராட்சிச் செயலர் சக்திவேல் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தீர்மானம் போட்டா மட்டும் நர்ஸ் வந்துருவாங்களா? எதுக்குன்னு மேல கேப்பாங்க."

கர்ப்பிணி மருமகளை அழைத்து வந்திருந்த தங்கம்மாள் எழுந்தாள். "எதுக்குன்னு கேட்டா அந்த பேனர அவுத்துனு போய்க் காட்டுங்க சார். கீதா வாயால சொல்லிட்டுப் போயிருக்கா. நீங்க எழுதற வரைக்கும் நாங்க இங்கியேதான் உக்காந்துனு இருப்போம்."

"பொழுதாயிரும்மா."

"ஆவட்டும். சோறு கட்டினு வந்துக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கைகள் உயர்ந்தன. இருசப்பன் இரண்டு கையையும் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த பௌர்ணமிக்கே ஒரு நர்ஸை ஊரில் நிறுத்துவதாக, வந்திருந்த சுகாதார ஆய்வாளர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே கீதாஞ்சலியின் அம்மா கன்னியம்மாள் நின்றிருந்தாள். மருமகன் கையில் தூக்குவாளியைக் கொடுத்தாள்.

"கொழம்பு இருக்குது மாப்ள. சுட வெச்சு சாப்புடுங்க."

"சரிங்கத்தை."

அவள் போகவில்லை. "கல்யாணப் பொடவ எடுக்கறப்பகூட 'உன் இஷ்டம்மா'ன்னுதான் சொன்னா. எங்கிட்ட ஒருநாளும் எதுவும் கேட்டதில்ல. உங்ககிட்டயாச்சும் வாயத் தொறந்து சொல்லிட்டுப் போனாளே. எனக்கு அது போதும் மாப்ள."

மாறன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாங்கத்தை. சொன்னா."

ஷேர் ஆட்டோ வந்தது. அவள் ஏறிப் போனாள்.

வீட்டுக்கு வந்து தூக்குவாளியை அடுப்பு மேடையில் வைத்தான். திறக்கவில்லை. கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்தான். ஜன்னல் வழியே பேனரின் பின்பக்கம் தெரிந்தது. வெறும் வெள்ளை.

அன்றிரவு அவள் சொன்னதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரிடமாவது வண்டி கேட்கலாமென்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போயிருந்தான். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"வெறும் தலைவலிதாங்க. யாரையும் போய்க் கேக்காதீங்க, வந்து படுங்க."