பாட்டன் பேர் பொறித்த படி

வேலப்பர் சன்னிதி வாசற்படியில் ஒருவன் குப்புறப் படுத்துக் கிடந்தான். பங்குனி உத்திரத்தன்று விடிந்தும் விடியாமலும் மலையேறி வந்து விழுந்து கும்பிடுகிறானே, என்ன பக்தி என்றுதான் மலைச்சாமி முதலில் நினைத்தார். கிட்டே போய்ப் பார்த்தால், பக்தன் கையில் கறுப்பு மை. பக்கத்தில் ஒரு முரட்டுத் தூரிகை.

“அடப் பாவி! எங்க பாட்டன் பேருலயா கரி பூசுற?” என்று அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

போடியில் மலைச்சாமியைத் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருக்க அவரும் விடமாட்டார். ஏலக்குன்று வேலப்பர் கோயிலைக் கட்டியதே தன் முப்பாட்டன் மொக்கையன்தான் என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அதற்கு ஆதாரம் அந்த வாசற்படிக் கல். அதில் பழைய எழுத்தில் நாலு வரி உண்டு. எப்போதோ வந்த ஒரு வாத்தியார் தடவித் தடவிப் பார்த்து, ‘மொக்கையன்’ என்ற பெயரை மட்டும் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். மிச்சத்தைப் படிக்க ஆளில்லை. அந்த ஒரு பெயரை வைத்துத்தான் வருஷா வருஷம் உத்திரத்தன்று சாமியின் பரிவட்டம் முதலில் மலைச்சாமி தலையில் ஏறியது.

இந்த வருஷம் அதற்கு வந்தது வினை. “பேரு இருந்தா ஆச்சா? கோயில் கட்டுனாருன்னு எழுதியிருக்கா? எங்க ஆளுகளுந்தான் இந்தக் கோயிலுக்குக் கல்லு சுமந்தாக. எங்களுக்கும் ஒரு வருசம் கட்டுங்க” என்று ராசிங்காபுரம் ஒச்சப்பன் ஊர்க்கூட்டத்தில் கேட்டுவிட்டார். அன்றைக்குப் போன தூக்கம் மலைச்சாமிக்குத் திரும்பி வரவில்லை. பரிவட்டம் கைமாறினால் நாண்டுகிட்டுச் சாவேன் என்று மனைவி பாண்டியம்மாளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒச்சப்பன்தானே ஒன்னைய ஏவிவிட்டான்? பேரைச் செதுக்கி எடுக்கத்தானே வந்த?”

“ஐயா, எம் பேரு சின்னமுத்து. மதுரையிலருந்து வர்றேன். கல்வெட்டைப் படிக்கிறதுதான் என் சோலி. ஈரத்தாளை ஒட்டி மேல மையை ஒத்துனா எழுத்து வெள்ளையாத் தெரியும். கல்லுக்கு ஒண்ணும் ஆகாது.”

அவன் தாளை உரித்து எடுத்ததும் மலைச்சாமி குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார். பெயர் பத்திரமாக இருந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

“எல்லாக் கல்லையும் விட்டுப்புட்டு எங்க கல்லுக்கு மட்டும் ஏன் வந்த?”

“மத்ததையெல்லாம் நேத்தே எடுத்திட்டேன்யா. திருப்பணி செஞ்சவக பேரெல்லாம் செவத்துல இருக்கு. இது ஒண்ணுதான் காலடியில இருக்கு.”

“அதுதான்டா எங்க பாட்டன்! கும்புட வர்றவக கால்தூசி தம் பேருல படணும்னு கீழ வெட்டச் சொன்ன மனுசன். செவத்துல வெட்டிக்கிட்டு மினுக்குற ஆளு இல்ல. சரி, என்ன எழுதியிருக்கு?”

சின்னமுத்து தாளை வெரசாகச் சுருட்டினான். “கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்கய்யா. ஒங்ககிட்ட மட்டும் தனியாச் சொல்லிட்டுப் போயிர்றேன்.”

அந்தத் ‘தனியா’ மலைச்சாமிக்குச் சுருக்கென்று தைத்தது. “எங்கிட்டத் தனியா ஒண்ணு, ஒச்சப்பன்கிட்டத் தனியா ஒண்ணா? அந்தக் கதையெல்லாம் இங்க நடக்காது. உக்காருடா. ஊரு வரட்டும், சபையில வாசி!”

வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட் ஜனங்கள் ஜீப்பில் வந்து இறங்கி, ஏலக்காய் மாலையோடு வரிசையில் நின்றார்கள். வழக்கப்படி ஒவ்வொருவரும் வாசற்படிக் கல்லில் இரண்டு குதிங்காலையும் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஏன் என்று கேட்டவர் இல்லை. அது அந்தக் கோயில் முறை.

ஒரு கண்ணைச் சின்னமுத்து மேலேயே வைத்துக்கொண்டு மலைச்சாமி வாசலில் நின்றார். “நல்லா அழுத்தித் தேயி தாயி! எங்க பாட்டன் மனசு குளிரட்டும்!”

பூசாரி திருப்பதி பரிவட்டத் தட்டோடு வெளியே வந்தார். மலைச்சாமி கையை உயர்த்தினார்.

“செத்த நில்லுங்க. இந்த வருசம் கல்லு பேசட்டும், அப்பறம் கட்டுங்க. என்ன ஒச்சப்பா?”

“வாசிக்கட்டும்ணே” என்றார் ஒச்சப்பன். “ஒங்க பாட்டன் கட்டுனதுன்னு இருந்துச்சுன்னா, நானே என் கையால ஒங்களுக்குக் கட்டிவிடுறேன்.”

சின்னமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். “ஐயா, கடைசியாக் கேக்குறேன். வேண்டாம்யா.”

“பாத்தீகளா, பாத்தீகளா! ஒச்சப்பன் வீட்டுச் சோத்தைத் தின்னவனுக்கு வாய் எப்படி வரும்? ஒரு எழுத்து விடாம, கடைசி ஆளுக்கும் கேக்குற மாதிரி வாசிடா!”

வேறு வழியில்லை. சின்னமுத்து தாளை விரித்து, குரலை உயர்த்தி வாசித்தான்.

“வேலப்பர் சன்னிதி விளக்கைத் திருடின மொக்கையன், அதற்குத் தண்டனையாக இட்ட படி. கும்பிட வருகிறவர் எல்லாரும் இவன் பேரை மிதித்தே உள்ளே போகக் கடவர்.”

மேளக்காரன் ஓங்கிய கை அப்படியே நின்றது. பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மலைச்சாமிக்குக் கல்லைப் பார்ப்பதா, ஜனங்களின் காலைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு மெல்ல ஒச்சப்பன் பக்கம் திரும்பினார்.

ஒச்சப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“எனக்கு வேண்டாஞ்சாமி, அண்ணன் வீட்டு மரியாதை அண்ணனுக்கே இருக்கட்டும்!”