அரக்குக் கோப்பை

கஞ்சிக் கோப்பையைக் கண்டதுமே ஸைனுலாப்தீன் வாயை இறுக மூடிக்கொண்டார். வாசலில் நின்றே அதைப் பார்த்துவிட்டாள் அவர் தங்கை பஸ்மியா. ஊரில் பேசிக்கொள்வது பொய்யில்லை போலிருக்கிறதே.

பாரிசவாதத்தில் விழுந்து, பேச்சும் போய்விட்ட காக்காவை மதினி பட்டினி போட்டுச் சாகடிக்கிறாள் என்பதுதான் அந்தக் கதை. பாலத்தைத் தாண்டி அவள் இருக்கும் கிண்ணியாவுக்கு வருவதற்குள் அதற்குக் கண், காது, மூக்கெல்லாம் முளைத்திருந்தது. உண்மையென்றால் காக்காவைக் கையோடு கூட்டிப்போய்விடுவது என்று பஸ்மியா வான் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். வான் வீட்டுக்கு எதிரே துறைமுக மதிலோரம் நின்றது.

காக்கா எலும்பும் தோலுமாகத்தான் கிடந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் குரல் உயர்ந்தால் வீட்டுப் பூனைகூட அடுப்படிக்குள் போய் ஒளியும். இப்போது இடது கை ஒன்றுதான் அசைந்தது.

“ஏன் மதினி இப்பிடி மெலிஞ்சு போனார்?”

“வாயத் திறக்கிறாரில்ல. நான் என்ன செய்ய?” என்றாள் ஸாலிஹா. “உள்ளுக்கெல்லாம் புண். மருந்துக் குளிசைச் சூடா இரிக்கும்.”

பஸ்மியா கோப்பையைப் பார்த்தாள். நெளிந்த தகரத்தை எதிர்பார்த்து வந்தவளுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, முகம் தெரிகிற பளபளப்பு.

“ஹஸ்மி ஜப்பானிலருந்து அனுப்பினவன். மரத்தில கடைஞ்சு அரக்குப் பூசினதாம். அங்க சனம் நாளாந்தம் இதிலதான் சூப்புக் குடிக்கிறதாம். ‘அலுமாரியில வெச்சிராதீங்க உம்மா, பாவிக்கப் பாவிக்கத்தான் பளபளப்புக் கூடும்’ எண்டான். அதான் மூணு நேரமும் இவருக்கு இதிலயே குடுக்கிறன்.”

“உங்களுக்கு?”

“எனக்கு எவர்சில்வர் போதும்.”

பஸ்மியாவின் சந்தேகம் ஆட்டங்கண்டது. எட்டிப் பார்த்தாள். இறைச்சி போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி. மேலே நெய் தாராளமாக மிதந்து அதை மூடிக் கிடந்தது. பட்டினி போடுகிறவள் இவ்வளவு நெய் ஊற்றுவாளா?

“தாங்க மதினி, நான் தீத்துறன்.”

ஸாலிஹா கோப்பையை நீட்டும்போது முந்தானை விலகி, இடது கையில் முழங்கைவரை சுருங்கிக் கிடந்த தோல் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அடுப்படியில் வடிகஞ்சி கொட்டிவிட்டதென்று காக்கா சொல்லியிருந்தார். காக்கா சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பஸ்மியாவும் கேட்டதில்லை.

பிள்ளை வளர்த்தவளுக்குச் சூடு பார்க்க உள்ளங்கை போதாதா? கோப்பையைத் தொட்டே கஞ்சி ஆறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள் அவள். இரண்டு கைகளாலும் பொத்திப் பார்த்தாள். பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கலாம், அவ்வளவு இதமாக இருந்தது.

“வாயத் திறங்க காக்கா. நான் பஸ்மியா.”

அவர் தலையைத் திருப்பினார். அவள் விடவில்லை. தாடையைப் பிடித்து, மரக்கரண்டியால் ஒரு வாய் ஊட்டினாள், பிறகு இன்னொன்று. காக்காவின் கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. அசைகிற அந்த ஒரு கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. உம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது போலும் என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

அடுத்த வாயை உள்ளே தள்ளியபோது அவர் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அந்நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியதில் அது கேட்காமலே போயிற்று.

கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள் பஸ்மியா. இப்படிப்பட்ட மனுசியையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“என்ன மன்னிச்சிருங்க மதினி. ஊர்க் கதையக் கேட்டு உங்களப் பிழையா நினைச்சிட்டன். காக்கா இங்கயே இரிக்கட்டும். உங்களப் போல ஆரும் பாக்க மாட்டாங்க.”

ஸாலிஹா தலையணையை நேராக்கினாள்.

பஸ்மியா ஜன்னலால் வான் பக்கம் தலையை நீட்டினாள். “தம்பி, ஆளக் கூட்டிப் போகல்ல. நீங்க போங்க, நான் பஸ்ஸில வாறன்.”

வான் புறப்படும் சத்தம் கேட்டது. கட்டிலில் கிடந்தவர் கையைத் தூக்கித் தூக்கி மெத்தையில் அடித்தார். பயணம் சொல்லி வழியனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள் தங்கை.

கோப்பையில் முக்கால்வாசிக் கஞ்சி மிச்சமிருந்தது. அதைக் கொட்டவிட அவளுக்கு மனம் வரவில்லை.

“வீசாதீங்க மதினி, அல்லாட பறக்கத்துப் போயிரும்” என்றபடி கோப்பையைச் சாய்த்து வாய் நிறையக் குடித்தாள்.

நாக்கும் அண்ணமும் வெந்துபோயின. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பஸ்மியா தவித்தாள். கோப்பையோ கைக்குள் இன்னமும் இதமாகத்தான் இருந்தது. கட்டிலிலிருந்து காக்காவின் கண்கள் அவளையே பார்த்தன.

ஸாலிஹா முந்தானையை இழுத்துத் தன் இடது கையை மூடிக்கொண்டாள்.

“அது வெளியில சுடாது பஸ்மியா.”