கன்னத்தின் நிறம்

கல்யாணப்பெண்ணின் மாநிறத்துக்கு பேனர் கடை நடராஜா வைத்திருந்த விலை, சதுர அடிக்கு ஐம்பது காசு. கொடுத்தால் பேனரில் வெள்ளையாக்கித் தருவார்.

இப்போது எதிர்க்கடை பேனர்களில் முகங்கள் இன்னும் பளிச்சென்று வர, மலேசியாவின் சுங்கை பட்டாணி ஊர் முகூர்த்த ஆர்டர்களெல்லாம் அங்கே ஓடின. பிரிண்டருக்கு நிறம் சொல்லிக்கொடுக்கும் புது சாப்ட்வேர் வாங்கியே தீரவேண்டும்.

பினாங்கு ஏஜெண்ட் தினகரன் இரண்டைக் கொண்டுவந்திருந்தான். கணினி முன் இருந்த மகள் அன்பரசியிடம் அவனை விட்டுவிட்டு, நடராஜா டீ குடிக்கப் போனார்.

திரும்பியபோது உள்ளங்கை அகலத்தில், ஒரே கன்னத்தின் இரண்டு பிரிண்டுகள் மேசையில் இருந்தன.

"அலாமாக்! என்ன தம்பி, அடுப்புக்கரி மாதிரி! யாரு பெத்த பிள்ளையோ, பாவம்." முதலாவதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "ரெண்டாவதுதான் முகம்லா. எவ்வளவு கொறைப்ப?"

"அண்ணே, மொதல்ல உள்ளதுதான் அசல் நிறம். ரெண்டாவது பொய் சொல்லும்."

"பொய்க்குத்தான் தம்பி வியாபாரம். அசலை எவன் காசு குடுத்து வாசல்ல கட்டுவான்?"

அன்பரசி எழுந்து வந்தாள். கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, சுருக்கம் நீவி, தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். எது தாள், எது தோல் என்று பிரிக்க முடியவில்லை.

"சேம்பிளுக்கு ஒரு முகம் கேட்டாருப்பா. கடையில நான்தானே இருந்தேன்."

நடராஜா பேரத்தை விட்டார். முதல் சாப்ட்வேருக்கே, கேட்ட விலையைக் கொடுத்தார்.

ஏஜெண்ட் கணக்கு அங்கேயே தீர்ந்தது. மகளிடம் பட்ட கடனைத் தீர்க்க, அவர் இன்னும் அவள் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை.